ராத்தாவின் பசு

கணவரை இழந்த என் ராத்தாவுக்கு ஒரு பசுதான் சீவனோபாயம். மூன்று பிள்ளைகளின் கொப்பிக் காசும் வீட்டு அரிசிக் காசும் அதன் பாலில்தான் நடந்து வந்தன. அந்தப் பசுவுக்கு அது மூன்றாம் ஈற்று.

ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது ராத்தா வேலியோரம் நின்றார். "தம்பி, ராவு முழுக்க மாடு படுக்குது, எழும்புது, காலால வயித்துக்கு உதைக்குது. புல்லும் தின்னல்ல. பன்னீர்க்குடமும் காணல்ல. கொஞ்சம் ஓதித் தாங்க" என்றார்.

தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். "ஈத்து நோவுதான், பகலைக்குள்ள போட்டுடும்" என்று கூறிவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். ஓதியதில் பிழையில்லை, அத்தோடு என் கடமை முடிந்தது என்று எண்ணியதே பிழை.

ளுஹருக்குப் பின் வந்து பார்த்தால் நிலைமை அப்படியே இருந்தது. கையை விட்டு இழுத்துப் பார்ப்போம் என்றார் அயலவர் ஒருவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சைக்கிளில் ஓடி மிருக வைத்தியரை அழைத்து வந்தேன்.

கையுறை அணிந்து பரிசோதித்தவர், "கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது மௌலவி. உள்வழி பிழிந்த துணிபோல் சுருண்டிருப்பது கைக்குத் தெரிகிறது. அதனால்தான் குடமும் வரவில்லை, கன்றும் வரவில்லை" என்றார்.

முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் பசுவைச் சரித்துக் கால்களைக் கட்டினோம். வயிற்றின்மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து, அதில் ஒருவரை ஏறி நிற்கச் செய்தார் வைத்தியர். பலகை கருப்பையை அசையாமல் பிடித்துக்கொள்ள, முறுக்கு விழுந்த அதே திசையில் உடலைப் புரட்டினோம். இரண்டாம் தடவையில் முறுக்கு அவிழ்ந்தது. திசை மாறிப் புரட்டினால் இன்னும் இறுகிவிடுமாம்; புரட்டியும் அவிழாவிட்டால் வயிற்றைக் கீற வேண்டி வருமாம். ஆகவே இது தெரியாதவர் கைவைக்கும் வேலையல்ல.

கன்று வந்தது. உயிரில்லை.

"முறுக்கில் இரத்தவோட்டம் தடைப்பட்டுவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் தாயும் போயிருக்கும்" என்றார் வைத்தியர். "காலையிலேயே உங்களிடம் வந்திருந்தால்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கைகளைக் கழுவினார்.

ராத்தா என்னை ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. "அல்லாஹ் தாயையாவது தந்தானே" என்றார். அந்தப் பொறுமை அவருக்குரியது. அதை என் அலட்சியத்துக்குப் போர்வையாக்கிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

மாடு வளர்க்கும் சகோதரிகளே, நாள் நிறைந்த பசு மணிக்கணக்காக நிலைகொள்ளாமல் தவித்தும் பன்னீர்க்குடமோ கன்றின் காலோ தென்படாவிட்டால் காத்திருக்காதீர்கள். கைவிட்டோ கயிறு போட்டோ இழுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். உடனே மிருக வைத்தியரிடம் ஆளனுப்புங்கள். துஆவை வழியில் கேட்டுக்கொண்டே போகலாம்.