படம் எப்படி?

'படம் எப்படி?' என்று கேட்கிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது, தான் போகலாமா வேண்டாமா என்பதை. பதில் சொல்கிறவருக்கும் அது தெரியும். தமிழ்நாட்டில் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் தீர்ப்புகளில் பெரும்பகுதி அறிவுரையாகவே இருப்பது இதனால்தான். 'ஒரு தடவை பாக்கலாம்', 'குடும்பத்தோட போகலாம்', 'டிவியில போடுறப்ப பாத்துக்கோ', 'அந்தக் காசுக்கு பிரியாணி சாப்பிடலாம்'. ஒளிப்பதிவு, திரைக்கதை, நடிப்பு என்று கூறுபோட்டுப் பேசுவது பத்திரிகை விமர்சகரின் வேலை. சாதாரணப் பார்வையாளர் ஆளைப் பார்த்துச் சொல்கிறார். அலுவலகத்தில் 'செம படம்' என்றவரே, வீட்டில் மாமியார் கேட்டால், 'ஒரே வெட்டுக்குத்து அத்தை, உங்களுக்கு ஒத்துவராது' என்பார். இரண்டில் எதுவும் பொய் கிடையாது. கேட்ட ஆள் வேறு, அதனால் பதிலும் வேறு.

இந்தத் தீர்ப்புச் சொற்களில் உச்சத்தில் இருப்பவையும் அடியில் இருப்பவையும் எளிதில் புரிந்துவிடும். சிக்கல் எல்லாம் நடுவில்தான். 'பரவாயில்லை' என்ற சொல்லை முகம் சற்று மலர்ந்து சொன்னால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்று பொருள். இழுத்துச் சொன்னால் போகவேண்டியதில்லை என்று பொருள். 'சுமார்' அதைவிட ஒரு படி கீழே. ஒரு படத்துக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து 'நல்ல படம்தான்' என்ற தீர்ப்பு. அந்தத் 'தான்' படத்தைக் காலி செய்துவிடும். மரியாதைக்குரியது, ஆனால் இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது என்பதை அதைவிடப் பண்பாகச் சொல்ல வழியில்லை. அதற்கு அடுத்த வாக்கியம் பெரும்பாலும் 'ஆனா ஓடாது' என்பதாக இருக்கும்.

ஓடுமா ஓடாதா என்பது தமிழ்ப் பார்வையாளர் கொடுக்கும் இரண்டாவது தீர்ப்பு. தனக்குப் பிடித்ததா என்பது வேறு கணக்கு, ஊருக்குப் பிடிக்குமா என்பது வேறு கணக்கு. படத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதவர், 'சிட்டியில ஓடும், பி அண்ட் சி சென்டர்ல கஷ்டம்' என்று விநியோகஸ்தரின் கவலையோடு பேசுவதை எந்த டீக்கடையிலும் கேட்கலாம். நூறு நாள், வெள்ளி விழா என்று சுவரொட்டிகள் பல தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. 1944-இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்ற செய்தி, அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். இயக்குநரைப் பற்றிய பேச்சிலும் இதே உரிமை தெரியும். தன்னைவிட வயதில் மூத்தவராக இருந்தாலும், நேரில் கண்டால் 'சார்' என்று எழுந்து நிற்கக்கூடியவராக இருந்தாலும், படப்பேச்சில் அவர் 'நல்லா எடுத்திருக்கான்', 'கிளைமாக்ஸ்ல சொதப்பிட்டான்' என்றுதான் வருவார்.

பிடிக்காத படத்துக்கான சொல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. 'அறுவை' என்றவர்களின் பிள்ளைகள் 'பிளேடு' என்றார்கள். அறுப்பது அப்படியே இருக்க, கருவி மட்டும் நவீனமானது. பிறகு 'கடி' வந்தது, 'மொக்கை' வந்தது. மொக்கையில் அறுக்கும் கூர்மைகூடப் போய்விட்டது. இப்போது 'கிரிஞ்ச்'. அறுவை கேட்பவரின் காலத்தை வீணாக்கியது. கிரிஞ்ச் பார்ப்பவரைக் கூச வைக்கிறது. ஒரு படத்தின் குறையாக எதைக் கருதுகிறார்கள் என்பதே இடையில் மாறியிருக்கிறது என்பதற்கு இந்தச் சொல் மாற்றம் நல்ல சான்று. மாறாமல் நிற்பது 'இழுவை' ஒன்றுதான். ஜவ்வு, லேக் என்று வேறு பெயர்களிலும் அது உலவும்.

இடைவேளை இந்தப் பேச்சுக்கு ஓர் இலக்கணத்தைத் தந்திருக்கிறது. 'ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்' என்பது தமிழில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட திரை விமர்சனமாக இருக்கக்கூடும். பார்வையாளர் தன் கருத்தைப் பாதி வழியில், கையில் முறுக்கோ பாப்கார்னோ வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறார். அங்கே எடுத்த நிலைப்பாட்டை முடிவில் மாற்றிக்கொள்ளச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். இடைவேளையே இல்லாமல் எடுக்கப்பட்ட ஹாலிவுட் படத்தையும் இங்கே இரண்டு பாதியாகத்தான் மதிப்பிடுகிறார்கள். அந்தப் பாதி எங்கே விழுந்தது என்பது இயக்குநருக்குத் தெரியவே தெரியாது; அதைத் திரையரங்கு தீர்மானித்திருக்கும்.

இன்று படம் பார்த்தவர் கதையைச் சொல்லிவிட்டால் சண்டை வரும். முன்பு கதையைச் சொல்வதே படம் பார்த்தவரின் கடமையாக இருந்தது. நகரத்தில் வெளியான படம் கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து, பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்பது வரை காட்சி காட்சியாகச் சொல்வார். கேட்டவர்கள் படம் வந்ததும் அதைத் தவறாமல் போய்ப் பார்த்தார்கள். கதை தெரிந்துவிட்டதே என்று ஒருவரும் குறைப்பட்டதில்லை. கூத்தில் கதை தெரியாமல் உட்கார்ந்தவர் யார்? திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் மட்டும் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை வெள்ளித்திரையில் காணச் சொன்னது. வானொலியின் ஒலிச்சித்திரம் முழுப் படத்தையும் காதுக்கு ஏற்றபடி சுருக்கிக் கொடுத்தது. கருத்து என்பது அன்று கதை சொல்லும் விதத்திலேயே கலந்திருந்தது. சொல்பவர் எந்தக் காட்சியில் குரலை உயர்த்தினார், எதைத் தாண்டிப் போனார் என்பதை வைத்தே படம் தேறுமா என்று தெரிந்துகொண்டார்கள்.

வாய்வழிப் பேச்சு மட்டுமே தூக்கி நிறுத்திய படங்கள் உண்டு. 1980-இல் புதுமுகங்களோடு வந்த 'ஒருதலை ராகம்' முதல் நாட்களில் கூட்டமில்லாமல் இருந்து, மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அரங்கை நிரப்பிய படம். பாலாவின் முதல் படமான 'சேது' வாங்க ஆளில்லாமல் நெடுநாள் பெட்டியில் கிடந்து, 1999 டிசம்பரில் மிகச் சில அரங்குகளில், பகல் காட்சியாக எட்டிப் பார்த்தது. பார்த்தவர்கள் பேசப் பேசக் காட்சிகள் கூடின. இவற்றில் யாரும் யாருக்கும் மதிப்பெண் சொல்லவில்லை. 'நீ போய்ப் பாரு' என்று மட்டுமே சொன்னார்கள். அந்த 'நீ' என்ற சொல்லுக்குத்தான் வலு.

எண்ணால் மதிப்பிடும் வழக்கம் அச்சிலிருந்து வந்தது. 1928-இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தீரர் படங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார். அவருடைய அளவுகோலில் உச்சம் மூன்று. தமிழில் ஆனந்த விகடன் பள்ளித் தேர்வையே எடுத்துக்கொண்டது: நூற்றுக்கு இத்தனை. 1977-இல் வந்த '16 வயதினிலே' பெற்ற 62.5 அதன் வரலாற்றில் பெரிய எண்ணாகப் பல ஆண்டுகள் பேசப்பட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 62 வாங்கிய பிள்ளையை வீட்டில் யாரும் கொண்டாடமாட்டார்கள். படத்துக்கு வந்தால் அது சாதனை. அந்தக் கஞ்சத்தனத்தில்தான் மரியாதை இருந்தது. 42, 43 என்று போட்டு ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு என்ன பொருள் என்று வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும் அந்த விளையாட்டின் பகுதி.

பார்வையாளர்களிடமே எண்ணைக் கேட்டு வாங்குவது அதற்குப் பிறகு வந்த யோசனை. அமெரிக்காவில் 1979 முதல் இயங்கும் சினிமாஸ்கோர், படம் வெளியாகும் முதல் இரவில் அரங்கிலேயே வாக்கெடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் சொல்கிறது. முதல் நாளே வந்து நிற்பவர்கள் ஆசையோடு வந்தவர்கள். அதனால் அங்கே பி வாங்குவதே சறுக்கலாகக் கருதப்படுகிறது. 2018-இல் வந்த 'ஹெரிடிட்டரி' என்ற திகில் படத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்தார்கள். முதல் இரவுக் கூட்டம் கொடுத்தது டி பிளஸ். வழக்கமான பேய்ப்படத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு, ஒரு குடும்பத்தின் துக்கம் மெல்ல அழுகுவதைக் காட்டினால் வேறென்ன கொடுப்பார்கள்? அந்த டி பிளஸ் அளந்தது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான தூரத்தை.

இந்த உண்மை எண் இல்லாத பேச்சில் எல்லாருக்கும் பழக்கமானதுதான். 'ரொம்ப எதிர்பார்த்துப் போகாதே' என்பது படத்தைக் குறித்துச் சொல்லப்படும் மிகப் பயனுள்ள வாக்கியம். முதலில் பார்த்தவர் கடுமையாகத் திட்டியதாலேயே அடுத்தவருக்குப் படம் பிடித்துப்போவது உண்டு. அவர் மூன்றாமவரிடம், 'சொன்ன அளவுக்கு மோசமில்ல' என்பார். மூன்றாமவர் நம்பிப் போய் ஏமாந்து வருவார். படம் அதே படம். சங்கிலியில் எந்தக் கண்ணியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது சுவை.

சராசரி எண்ணில் இதெல்லாம் கரைந்துவிடுகிறது. பாதிப் பேர் பத்தும் பாதிப் பேர் ஒன்றும் கொடுத்த படத்தின் சராசரி ஐந்தரை. எல்லாரும் தோளைக் குலுக்கிவிட்டு ஐந்தோ ஆறோ கொடுத்த படத்துக்கும் அதே ஐந்தரைதான். முதல் படத்தைச் சிலர் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார்கள். இரண்டாவதை யாரும் அடுத்த வாரம் நினைக்கமாட்டார்கள். ஐஎம்டிபி போன்ற இடங்கள் நேரடிச் சராசரியை விட்டு எடையிட்ட சராசரியை வெளியிடுவதும், அந்தக் கணக்கை மறைத்து வைப்பதும் வேறொரு தொல்லையால்: பெரிய நடிகரின் படம் என்றால், ரசிகர்கள் பத்தையும் எதிர் நடிகரின் ரசிகர்கள் ஒன்றையும் கொட்டிவிடுவார்கள். ஐந்துக்கு இரண்டே முக்கால் என்ற மதிப்பெண்ணும் இப்படிப்பட்ட நெருக்கடியில் பிறந்த குழந்தைதான். இரண்டரை என்றால் பகை, மூன்று என்றால் பாராட்டு. கால், அரை, முக்கால் என்று பின்னங்களில் புழங்கிய மொழிக்கு இந்த இடைவெளி கைவந்த கலை.

பின்னர் கேமராவும் மைக்கும் அரங்கின் வாசலுக்கே வந்தன. காலைக் காட்சி முடிந்து கதவு திறந்ததும் ஒரு நீண்ட கை, 'படம் எப்படிண்ணே?' என்று நீளும். கேட்கிற தம்பிக்குப் படத்துக்குப் போகும் உத்தேசம் இல்லை. சொல்கிற அண்ணனுக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. அறிவுரையாக இருந்த பேச்சு அங்கே நடிப்பாகிறது. நிதானமாக 'பரவாயில்லை' என்றவரை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அழுதவரும், கத்தியவரும், டிக்கெட்டைக் கிழித்தவரும்தான் ஊர் சுற்றுகிறார்கள். 2024-இல் 'இந்தியன் 2', 'கங்குவா' போன்ற பெரும் பொருட்செலவுப் படங்கள் முதல் நாளே அடி வாங்கியபோது, தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனம் கூடாது என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. அந்த டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது; விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்பது அதன் நிலை. தயாரிப்பாளர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்று நாள் வாயை மூடினால் காசு கொடுத்து ஏமாந்தவர் தன் தம்பிக்கு எப்படிச் சொல்வார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வாசலில் மைக்கை விலக்கலாம். வாகன நிறுத்தத்தில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொல்லும் 'போயிடாதடா'வை யார் விலக்குவது?

முதல் நாள் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாக இருப்பதில்லை. 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த 'அந்த நாள்' அன்றைய கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அரங்கில் தடுமாறி, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடி, வீடுகளில்தான் வென்றது. 2010-இன் 'ஆயிரத்தில் ஒருவன்' அன்று 'ஒண்ணும் புரியல' என்ற பேச்சுக்கு ஆளாகி, இன்று காலத்தை முந்திய படமாகப் பேசப்படுகிறது. இப்படி மாறும்போது ஒரு விந்தை நடக்கும்: அன்று திட்டியவர்கள் எவரும் கண்ணில் படுவதில்லை. எல்லாரும் அப்போதே பாராட்டியவர்களாகிவிடுகிறார்கள். படம் பார்த்த நினைவை எவரும் பதிவேட்டில் எழுதி வைப்பதில்லை. சொன்ன கருத்தோ சொல்லப்பட்ட இடத்திலேயே ஆவியாகிவிடுகிறது. இந்த ஒன்றில் எண்ணுக்குக் கொஞ்சம் நேர்மை அதிகம். அன்று போட்ட 42-ஐ இன்று 62 ஆக்க முடியாது.

2024 ஏப்ரலில், இருபது ஆண்டு பழைய 'கில்லி' மறுபடி அரங்குகளுக்கு வந்தது. வசனத்தை நடிகருக்கு முன்பே சொல்லத் தெரிந்த கூட்டம் அரங்குகளை நிறைத்தது. வெளியே வந்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்கள் கேட்டது: 'உள்ள ஆட்டம் எப்படி?'