கொள்ளிடத்திலிருந்து தொடங்கு

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். காலநிலை மாற்றமும் நிலைத்த வளர்ச்சியும் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறாய் என்று உங்கப்பா போனில் சொன்னான். சந்தோஷம் தாங்கவில்லை. ஆய்வுக்கு எந்த இடத்தை எடுப்பது என்று இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறாயாமே. நம் ஊரையே எடுத்துக்கொள், கண்ணு. முக்கொம்பில் ஆறு பிரிந்து, ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று நடுவில் கிடக்கிற இந்தத் தீவு ஒன்று போதும் உனக்கு.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அத்தனையையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஒன்றரை வருஷத்தில், 2018 ஜூலையில், மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் கொள்ளிடம் இருகரை புரண்டு ஓடியது. 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

வறட்சி, உடனே வெள்ளம், இதுதான் தீவிர வானிலை என்று ஒரு பத்தியில் எழுதி முடித்துவிட முடியும். நீ அப்படி எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

மேலணை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. அப்போது காவிரியில் வண்டல் மேடிட்டு, தாழ்வாகக் கிடந்த கொள்ளிடத்துக்குத் தண்ணீர் ஓடிப்போய், தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பத்தான் அந்த அணை. 1924 பெருவெள்ளத்துக்கும் நின்றது அது. 2018-இல் ஏன் போயிற்று? மணலை அள்ளி அள்ளிப் படுகை இறங்கிவிட்டது என்றார்கள் விவசாயிகள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. வெள்ளத்தின் வேகம் எவ்வளவு, படுகை இறங்கியது எவ்வளவு, பராமரிப்பு இல்லாதது எவ்வளவு என்று பிரித்து அளந்து சொல்ல ஆள் வேண்டும். உலகம் முழுக்கச் சேர்ந்த கரியமிலவாயுவுக்கு நம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க முடியாது. மணல் லாரிக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் போட்டால், இங்கேயே தடுத்திருக்கக்கூடியதெல்லாம் தப்பித்துப்போகும்.

மேட்டூர் விஷயமும் அப்படித்தான். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் வழக்கமான ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை, குறுவை நெல் பாழ். அதில் மழையின் பங்கு உண்டு, கர்நாடகத்தோடு நடந்த காவிரி வழக்கின் பங்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது. ஆனால் மழை குறைந்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் சண்டை.

இன்னொன்று. நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குக் காற்றுப் போகாமல் மீத்தேன் கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கிட்டத்தட்டப் பாதி குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வயலில் துளைபோட்ட குழாயை இறக்கி, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனபிறகு பாய்ச்சினால் போதும். நல்ல யோசனை, நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். போர்வெல் வைத்திருப்பவர் செய்வார். லால்குடிப் பக்கம் வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் வாங்குகிற கடைமடைக்காரர் எப்படிச் செய்வார்? அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயத்தில், வந்த தண்ணீரைக் கட்டிவைக்கத்தான் பார்ப்பார். அவரை விவரம் தெரியாதவர் என்று எழுதிவிடாதே. அவர் கணக்கு சரியான கணக்கு. வாய்க்காலை நம்பலாம் என்ற நிலை வராமல் மீத்தேன் குறையாது. இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் களர் நிலத்துக்கென்று திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களை உருவாக்கினார்களே, அந்த மாதிரி ஆய்வு மேல் எனக்கு மரியாதை அதிகம். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நாளில், பொரிந்துபோன வெள்ளை மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு வருபவர்களிடம் சொல்ல அதனால் என் கையில் ஒரு பதில் இருந்தது. வாழை ஆராய்ச்சி நிலையத்துக்கும் போய்வா. 1993 முதல் திருச்சியில்தான் இருக்கிறது. நம் ரங்கநாதர் கோயிலில் பழைய மழைநீர் வடிகால்களை மீட்டெடுத்ததும் சேர்ந்துதான் 2017-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதையும் பார்.

சித்திரையில் ஒரு தடவை வா, படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இப்போதுள்ள பாலத்துத் தூண்களிலேயே தெரியும். ஐப்பசியில் இன்னொரு தடவை, சம்பா நட்டபிறகு. லால்குடியில் எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு நானே கூட்டிப்போகிறேன். கேள்வித்தாளை முன்னாடியே தமிழில் எழுதி அனுப்பு; அவர்கள் காதில் ஏறாத கேள்விகளைத் திருத்தித் தருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை