‘ஆம்’ என்னும் சிறுசொல்

நம் மொழியில் ‘ஆம்’ என்றோர் இடைச்சொல் உண்டு. உடன்படும்போது கூறும் ‘ஆம்’ அன்று. ‘அங்கே மழை பெய்ததாம்’ என்பான், தான் அதனைக் கண்டிலன் என்பதையும் உடன் உரைத்துவிடுகின்றான். இத்துணை நேர்மையான சொல் எல்லா மொழிகளிலும் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில், பெருமாநல்லூரில் எம் தெருச் சிறார்க்குப் பாடஞ் சொல்லுங்கால், மெய்ச்செய்தி எது, ஒருவர் கருத்து எது எனப் பகுத்தறிவிக்க இச்சொல்லையே கருவியாகக் கொண்டேன். எடுத்துக்காட்டு அருகிலேயே இருந்தது. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளரைத் தமிழர் தாக்குவதாக இரு காணொளிகள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் தமக்குள்ளே இட்ட சண்டை. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் தமக்குள் இட்டது. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு இதனை வெளிப்படுத்தினார். பீகார் அரசும் குழு அனுப்பி விசாரித்தது.

பலகையில் மூன்று தொடர் எழுதினேன்: ‘அடிக்கிறார்களாம்’, ‘அடிக்கிறார்கள்’, ‘இவ்வூரார் கொடியர்’. முதலாவது செவிவழிச் செய்தி. இரண்டாவது சோதித்தற்குரியது, சோதித்தவிடத்துப் பொய்யாயிற்று. மூன்றாவதை எக்காவலர் சென்று சோதிப்பார்? அஃது உரைப்போன் உள்ளத்தது.

“மூட்டையோட ஸ்டேசன்ல கூட்டம் நின்னதுங்களே அண்ணா, அது நிசந்தானுங்களே?” என்றான் ஒருவன். கூட்டம் மெய்யே. அச்சத்தாற் சென்றனரோ, ஹோலிப் பண்டிகைக்குச் சென்றனரோ என்பதைச் சென்றவரன்றோ சொல்லவேண்டும்? மாணாக்கருள் ஒருவன் பீகார்க் குடும்பத்தான். அவன் எழுந்து, தெளிந்த கொங்குத் தமிழிற் கூறினான்: “எங்கப்பா பண்டிகைக்குன்னுதான் டிக்கெட் எடுத்தாருங்க, அம்மா பயத்துலதான் மூட்டை கட்டுனாங்க.”

இரண்டையும் பலகையில் தனித்தனியே எழுதினேன்.