அப்பத்தாவின் பழைய போனும் அண்ணனின் அட்டவணையும்

இன்று காலையிலிருந்து எத்தனை வாய்ஸ் நோட் கேட்டீர்கள்? அப்பார்ட்மென்ட் குரூப், ஆபீஸ் குரூப், துபாயில் இருக்கும் தம்பி என்று எண்ணிப் பார்த்தால் பத்தைத் தாண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு அதைவிட அதிகம். வெளியூர் நிருபர்கள் பலர் இப்போது செய்தியைத் தட்டச்சு செய்வதில்லை. பைக்கை ஓரம் கட்டிவிட்டு, மூச்சு வாங்கப் பேசி அனுப்பிவிடுகிறார்கள்.

ஆனால், நான் காத்திருந்து கேட்கும் வாய்ஸ் நோட் காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு காலத்தில் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டவர். வீட்டு ரகசியம் ஊர் ரகசியமாகும் என்பதால் பாதி விஷயங்களை யாருமே எழுதியதில்லையாம். இப்போது யார் தயவும் இல்லாமல் அவரே பேசி அனுப்புகிறார். "அம்புட்டுத்தேன் ஆத்தா, வச்சுருறேன்" என்று போனை வைப்பது மாதிரியே வாய்ஸ் நோட்டையும் முடிப்பார்.

அந்தக் குரல் அப்படியே பயணம் செய்து நம் போனுக்கு வருவதில்லை. வாசலில் போட்ட கோலத்தை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வோம்? "பதினஞ்சு புள்ளி, எட்டு வரைக்கும், ஊடுபுள்ளி" என்போம். கேட்கிறவருக்குக் கோலம் தெரிந்திருந்தால் அவரே போட்டுவிடுவார். ஒலியும் அப்படித்தான் சில எண்களாகச் சுருங்கி வருகிறது. அந்தக் குறிப்பைப் படித்து, குரலை மறுபடி வரைந்து கொடுக்கும் மென்பொருளின் பெயர் டீகோடர்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இருப்பது 'ஓப்பஸ்' என்ற முறை. பேச்சுக்காக ஸ்கைப்பில் உருவான 'சில்க்', இசைக்காக ஸிஃப் அமைப்பில் உருவான 'செல்ட்' ஆகிய இரண்டையும் சேர்த்துச் செய்தது. 2012 செப்டம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப் அமைப்பு இதை 'ஆர்.எஃப்.சி 6716' என்ற எண்ணில் வெளியிட்டது. இதன் கோடு ஓப்பன் சோர்ஸ். யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் அனுப்பலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பெரியப்பா மகன் மூலமாக. கோவையில் ஐ.டி வேலையில் இருக்கும் அண்ணன், சனிக்கிழமை இரவுகளில் வேறொரு வேலை பார்ப்பார். ஓர் ஓப்பன் சோர்ஸ் ஆடியோ டீகோடருக்குத் திருத்தங்கள் எழுதி அனுப்புவது. சம்பளம் கிடையாது. "இதுக்கு எம்புட்டுத் தருவாக?" என்று பெரியம்மா கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

போன வருடம் அவர் ஒரு திருத்தம் எழுதினார். டீகோடருக்கு வேலை நிறைய. ஓப்பஸை எடுத்துக்கொண்டால், ஒலியை வழக்கமாக 20 மில்லி விநாடித் துண்டுகளாகப் பிரித்துவைக்கும். ஒரு நிமிடப் பேச்சில் 3,000 துண்டுகள். முழுத் தரத்தில் விநாடிக்கு 48,000 எண்கள் என்பதால், ஒவ்வொரு துண்டிலிருந்தும் 960 எண்களைக் கணக்கிட்டு ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். ஒரு துண்டு தாமதமானாலும் குரல் விக்கும். சீக்கிரம் முடித்துவிட்டால் பிராசஸர் அடுத்த துண்டு வரும்வரை தூங்கலாம், பேட்டரி மிச்சமாகும். அண்ணன் வேலை செய்யும் டீகோடரிலும் அடிப்படை இதுதான்.

வேகத்தைக் கூட்ட வழிகள் உண்டு. இட்லித் தட்டில் ஒரே நேரத்தில் பல இட்லி வேகிற மாதிரி, போன் பிராசஸர்களில் 'நியான்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே கட்டளையில் எட்டு சிறிய எண்களைச் சேர்த்துக் கணக்கிடும். தசமக் கணக்கு போடச் சிரமப்படும் சிப்புகளுக்கு இன்னொரு வழி: ரூபாயில் தசமம் வராமல் எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி, முழு எண்ணாகவே கணக்கை முடிப்பது.

அண்ணன் மூன்றாவது வழியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுவதற்குப் பதில், விடைகளை முன்பே ஓர் அட்டவணையாக எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது பார்த்து எடுத்துக்கொள்வது. வாய்ப்பாடு மனப்பாடம் செய்கிற மாதிரிதான். அவருடைய லேப்டாப்பில் வேகம் நன்றாகவே கூடியது. சந்தோஷமாக அனுப்பி வைத்தார். டீகோடரைப் பராமரிப்பவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பழைய போனில் எவ்வளவு?

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அப்பத்தாவின் போனை வாங்கிச் சோதித்தார். நாங்கள் திண்ணையில் கரும்பு கடித்துக்கொண்டிருக்க, அவர் கேபிளைச் செருகி உட்கார்ந்திருந்தார். முடிவு தலைகீழ். புது போனில் வேகமாக ஓடிய அதே கோடு, அப்பத்தா போனில் முன்பைவிட மெதுவாக ஓடியது.

"ஏண்ணே அப்படி?" என்று கேட்டேன். பிராசஸருக்கு மிக அருகில் 'கேஷ்' என்று ஒரு சின்ன நினைவகம் இருக்கிறதாம். புது போனில் அது பெரியது, அட்டவணை முழுவதும் அதில் அடங்கிவிடும். பழைய போனில் அடங்காது. ஒவ்வொரு விடைக்கும் தூரத்திலிருக்கும் நினைவகத்துக்குப் போய் வர வேண்டும். "அஞ்சறைப் பெட்டில இருந்தா கை நீட்டி எடுத்துடலாம். கடுகு வேணும்னு ஒவ்வொரு தடவையும் பரண்ல ஏறினா சமையல் என்ன ஆகும்?" என்றார்.

அதன்பிறகு அவர் அட்டவணையைப் பாதியாகச் சுருக்கினார். அதில் இருந்தவை சைன் அலையின் மதிப்புகள். அலையின் ஒரு பாதி தெரிந்தால் மறுபாதியைக் குறியை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பது பிளஸ் டூ கணக்கு. இப்போது அப்பத்தா போனிலும் வேகம் கூடியது. லேப்டாப்பில் முதலில் கிடைத்த அளவு லாபம் இல்லை. ஆனால், இரண்டு பேருக்கும் லாபம். மூன்று வாரம் கேள்வி பதிலுக்குப் பிறகு அந்தத் திருத்தம் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

வேகம் மட்டும் போதாது. ஓப்பஸில் இதற்கென்றே ஒரு கண்டிப்பு உண்டு. அந்த ஆர்.எஃப்.சி ஆவணத்தில் விளக்கத்தோடு டீகோடரின் கோடும் சேர்த்தே இருக்கிறது. சொல்லும் கோடும் முரண்பட்டால், கோடு சொல்வதே செல்லும். சோதனைக்கென்று சில ஒலிக் கோப்புகள் இருக்கின்றன. புதிதாக எழுதும் டீகோடர் அவற்றைப் பிரித்துத் தரும் ஒலி, மூல டீகோடர் தருவதோடு குறிப்பிட்ட அளவுக்குள் ஒத்துப்போக வேண்டும். 2012-ல் பதிவான குரல் இன்றைய பதிப்பிலும் அதே குரலாகக் கேட்பதற்கு இந்தக் கண்டிப்புதான் காரணம். 2024 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பில், இணையம் தடுமாறி விட்டுப்போன ஒலியை இயந்திரக் கற்றல் மூலம் நிரப்பும் வசதி வந்தது. அப்போதும் பழைய கோப்புகள் எதுவும் வீணாகவில்லை.

பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் தன் 'ஏ.எல்.ஏ.சி' என்ற ஆடியோ முறையின் கோடை 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. தன் சாதனங்களில் இருந்ததை அது திருத்திக்கொண்டே வந்தது. பொதுவில் வைத்த பிரதி மட்டும் அப்படியே கிடந்தது. குவால்காம், மீடியாடெக் ஆகிய சிப் நிறுவனங்கள் அந்தக் கோடை எடுத்துத் தங்கள் டீகோடர்களில் பயன்படுத்தின. அதில் ஓட்டை இருப்பதை செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வேண்டுமென்றே கெடுத்துத் தயாரித்த ஓர் ஆடியோ கோப்பு மூலம் போனுக்குள் ஒருவர் நுழைய முடியும் என்ற நிலை. 2021-ல் விற்ற ஸ்மார்ட்போன்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இந்த ஆபத்து இருந்தது என்பது 2022 ஏப்ரலில் செக் பாயின்ட் சொன்ன கணக்கு. சிப் நிறுவனங்கள் அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், திருத்தத்தை வெளியிட்டிருந்தன.

திருத்தம் வெளியானால் மட்டும் போதுமா? அது போனுக்கு வந்து சேர வேண்டுமே. இதைப் படித்த அன்று முதல் வேலையாக அப்பத்தா போனின் செட்டிங்ஸைப் பார்க்கச் சொன்னேன். செக்யூரிட்டி அப்டேட் வருவது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புது போன் வாங்கித் தருகிறோம் என்றால் அப்பத்தா சம்மதிக்கவில்லை. காசு அவருக்குப் பிரச்னை இல்லை. "அதுல ஒங்க தாத்தா பேசுனது இருக்குல்ல" என்றார்.

தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சிவகங்கை ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் அவர் அப்பத்தாவுக்கு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள் 41. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, வயலுக்கு யார் போனது, நீ சாப்பிட்டியா. அவ்வளவுதான் அவற்றில் இருக்கும்.

அண்ணன் அந்த 41-ஐயும் லேப்டாப்பில் இறக்கினார். எல்லாம் ஓப்பஸ் கோப்புகள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, வாட்ஸ்அப் இல்லாமலே, வி.எல்.சி பிளேயரில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். தாத்தா இருமிக்கொண்டே பேசினார். அப்பத்தா முழுவதும் கேட்டுவிட்டு, "இது எப்பவும் பாடுமா?" என்று கேட்டார். ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டிக்கிடந்திருந்தால் அண்ணனால் பதில் சொல்லியிருக்க முடியாது. கோடு எல்லாருடைய கையிலும் இருப்பதால், "பார்த்துக்க ஆள் இருக்கிறவரைக்கும் பாடும் அப்பத்தா" என்றார்.

ஆள் இருப்பதுதான் கேள்வியே. எம்.பி.3 கோப்புகளுக்கான 'எம்.பி.ஜி123' என்ற டீகோடரை 1990-களில் மைக்கேல் ஹிப் என்பவர் எழுதினார். இடையில் சில வருடங்கள் கவனிக்க ஆள் இல்லாமல் கிடந்தது. 2006-ல் தாமஸ் ஓர்கிஸ் என்பவர் பொறுப்பெடுத்துக்கொண்டதால்தான் அது பிழைத்தது. இப்படி ஒருவர், இருவர் தோளில் நிற்கும் மென்பொருள்கள் நிறைய. அவற்றை வைத்துச் சம்பாதிக்கும் பெரிய நிறுவனங்கள் இவர்களுக்குச் சம்பளமோ நன்கொடையோ தர வேண்டும் என்பது என் கருத்து.

நம்மால் ஆவது சின்ன விஷயங்கள். அப்டேட் வந்தால் 'அப்புறம்' என்று தள்ளாமல் அன்றைக்கே போடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனில் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள். வேண்டிய குரல்களை போனில் மட்டும் வைக்காமல் இன்னோர் இடத்திலும் எடுத்து வையுங்கள். கோடு எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சனிக்கிழமை ராத்திரி அவர்கள் லேப்டாப்பில் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். பெரியம்மாவுக்கு அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒரு டம்ளர் பால் அண்ணனின் மேசைக்கு வந்துவிடுகிறது.