மிம்பர் சென்ற வழியில்

ஜும்ஆ நாள்தோறும் இமாம் ஏறி நின்று குத்பா ஓதும் மிம்பரை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். அது எந்த மரத்தால் ஆனது, எந்தத் தச்சரின் கைவேலை என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். சிரியாவின் ஹலப் நகரில் செய்யப்பட்டு, பைத்துல் முகத்தஸில் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஒரு மிம்பரின் வரலாற்றைப் படித்த பிறகே அந்த எண்ணம் தோன்றியது. அது சென்ற வழியில் நாமும் ஒருமுறை சென்று வந்தால் என்ன என்ற ஆசையும் பிறந்தது. 2010ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் நானும் என் துணைவியாரும் புறப்பட்டோம். அன்று இஸ்தான்பூலிலிருந்து பைத்துல் முகத்தஸ் வரை தரைவழியாகவே செல்ல முடிந்தது. அடுத்த ஆண்டே சிரியாவில் போர் மூண்டு அந்த வழி அடைபட்டது.

பயண வரிசையை நாங்கள் விரும்பியபடி வகுக்க இயலவில்லை. பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் நாட்டின் முத்திரை இருந்தால் சிரியாவுக்குள் விடமாட்டார்கள். ஆகவே சிரியா முதலில், பைத்துல் முகத்தஸ் கடைசியில் என்று வைத்துக்கொண்டோம். மிம்பர் சென்ற வழியும் அதுவே அல்லவா?

இஸ்தான்பூலில் மூன்று நாட்கள். மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தில் தங்க வைத்துப் பேறு பெற்ற அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள், முதிய வயதில் இந்நகரின் முற்றுகைக்கு வந்து இங்கேயே வஃபாத்தானார்கள். அவர்களின் ஜியாரத்தை முடித்துக்கொண்டு ஆயா சோபியாவுக்குச் சென்றோம். கி.பி. 537இல் மாதா கோயிலாக எழுந்து, 1453இல் சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் அவர்களால் பள்ளிவாசலாக்கப்பட்டு, 1935 முதல் அருங்காட்சியகமாக இருந்த கட்டடம் அது. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்றோம். அங்கும் ஒரு மிம்பர் உண்டு. வெண்பளிங்கில், ஓங்கி உயர்ந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளாகக் குத்பா கேளாத மிம்பர். அஸருக்கான பாங்கு எதிரிலுள்ள சுல்தான் அஹ்மத் பள்ளியிலிருந்து கேட்டது. சுற்றுலாப் பயணிகளின் கேமராக்களுக்கு நடுவே அந்த மிம்பரைப் பார்த்தபடி நின்றுவிட்டு, தொழுவதற்காக வெளியே வந்தோம்.

அங்கிருந்து அந்தாக்கியாவுக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். இரவு முழுதும் பேருந்து. நம் இல்லங்களில் யாஸீன் ஓதாத நாள் அரிது. அதில் நகரின் கடைக்கோடியிலிருந்து ஓடிவந்து, இறைத்தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று தம் மக்களிடம் மன்றாடிய ஒரு நல்லடியாரின் செய்தி வருகிறதே, அந்நகர் இதுவென்றும், அவர் பெயர் ஹபீப் என்றும் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். மக்கள் அவரை ஹபீப் நஜ்ஜார் என்பர். நஜ்ஜார் என்றால் தச்சர். தச்சர் ஒருவரின் மிம்பரைத் தேடிச் செல்லும் வழியில் இன்னொரு தச்சரின் பெயரால் அமைந்த பள்ளிவாசலில் சுபுஹு தொழக் கிடைத்ததை நாங்கள் நற்சகுனமாகவே கொண்டோம். 2023 பிப்ரவரி 6ஆம் நாள் நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளி இடிந்து விழுந்தது. படத்தில் கண்டபோது, நாங்கள் ஒளுச் செய்த முற்றம் எதுவென்றே அடையாளம் தெரியவில்லை.

எல்லையைக் கடந்து, நண்பகலில் ஹலப் சேர்ந்தோம்.

இந்நகரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள். 1099இல் சிலுவைப் போராளிகள் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். மஸ்ஜிதுல் அக்ஸாவில் குத்பா நின்று எழுபது ஆண்டுகள் ஆகவிருந்த வேளையில், ஹிஜ்ரி 564இல், அதாவது கி.பி. 1168-69இல், ஹலபை ஆண்ட சுல்தான் நூருத்தீன் ஸங்கி அவர்கள் தேர்ந்த தச்சர்களை அழைத்து ஒரு மிம்பர் செய்யப் பணித்தார்கள். எந்தப் பள்ளிக்கு? பகைவர் வசமிருந்த மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கு! நகரமே கையில் இல்லை. அதன் பள்ளிக்கு மிம்பர் தயாராகிறது. கண்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தச்சர்களோ மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, தந்தமும் கருங்காலியும் இழைத்து, தங்கள் பெயர்களையும் அதில் பொறித்து முடித்தார்கள். நூருத்தீன் அவர்கள் 1174இல் வஃபாத்தானார்கள். மிம்பர் ஹலபிலேயே காத்திருந்தது.

ஹலபின் பெரிய பள்ளிவாசலில் ஜகரிய்யா நபி (அலை) அவர்களுடையது என்று மக்கள் போற்றும் அடக்கவிடம் உள்ளது. பள்ளியின் மினாரா பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. சதுர வடிவம், கல்லில் பூவேலை. அதனருகே தொடங்கும் கூரையிட்ட கடைவீதிகளில் நடந்தால் ஏலமும் தோலும் சோப்பும் மாறி மாறி மணக்கும். ஹலபின் சோப்பு உலகறிந்தது. ஜைத்தூன் எண்ணெயோடு ‘கார்’ என்னும் மரத்தின் காயெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, கட்டிகளாக வெட்டி, மாதக்கணக்கில் உலர வைக்கிறார்கள். வெளியே பழுப்பு, வெட்டினால் உள்ளே பச்சை.

முதியவர் ஒருவரின் சோப்புக் கடையில் நின்றோம். தேநீர் வந்தது. எங்கே செல்கிறீர்கள் என்று கேட்டார். மதரஸாவில் ஓதிய அரபியைத் துணைக்கழைத்து, திமிஷ்க், பிறகு அல் குத்ஸ் என்றேன். அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். சிரியா நாட்டவர் அங்கே செல்ல வழியில்லை. ‘கடல் கடந்து வந்த நீங்கள் அங்கே தொழுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் நான்!’ என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு கண்வரை எட்டவில்லை. விலைக்கு வாங்கிய சோப்புகளோடு ஒன்றை அதிகமாக வைத்துக் கட்டி, ‘இதை அங்கே யாருக்கேனும் கொடுங்கள். ஸலாமும் சொல்லுங்கள்’ என்றார்.

அந்தக் கடைவீதிகள் 2012 செப்டம்பரில் போரின் நடுவே பற்றியெரிந்தன. 2013 ஏப்ரல் 24இல் அந்த மினாராவும் வீழ்ந்தது.

திமிஷ்கைப் பற்றி நூலே எழுதலாம். நான் இரண்டே செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறேன். தந்தை ஜகரிய்யா (அலை) அவர்களின் அடக்கவிடம் ஹலபில் என்றால், மகன் யஹ்யா (அலை) அவர்களுடையதாகப் போற்றப்படும் இடம் இங்குள்ள உமய்யாப் பள்ளியின் உள்ளே இருக்கிறது. முஸ்லிம்கள் இந்நகரை வென்ற பிறகு ஏறத்தாழ எழுபதாண்டுகள், ஒரே மதிலுக்குள் ஒருபுறம் மாதா கோயிலும் மறுபுறம் தொழுமிடமும் இருந்தன என்கிறது வரலாறு. அதன் பின்னரே கலீஃபா வலீத் இந்தப் பெரும் பள்ளியைக் கட்டினார்.

இரண்டாவது, பள்ளியின் வடபுறத்தில் உள்ள சிறிய அறை. அங்கேதான் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் துயில்கிறார்கள். 1193இல் வஃபாத்தானபோது அவர்களின் சொந்தக் கருவூலத்தில் இருந்தவை ஒரு தீனாரும் 47 திர்ஹமும். என் துணைவியார் அதைக் கேட்டுவிட்டு, ‘கஃபனுக்குக் கூடப் போதாதே!’ என்றார். உண்மையிலேயே அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க நேர்ந்தது என்று அவர்களோடு இருந்த காழி இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார்.

அந்த ஸலாஹுத்தீன் அவர்கள்தாம் 1187 அக்டோபர் 2ஆம் நாள், மிஃராஜ் இரவின் நாளான ரஜப் 27இல், பைத்துல் முகத்தஸை மீட்டவர்கள். 1099இல் அந்நகரில் ஓடிய இரத்தத்துக்குப் பழி வாங்கவில்லை. ஆணுக்குப் பத்துத் தீனார், பெண்ணுக்கு ஐந்து என ஈட்டுத்தொகை பெற்று விடுவித்தார்கள். கொடுக்க இயலாத பலரையும் விட்டுவிட்டார்கள். பிறகு நூருத்தீன் அவர்களின் மிம்பரை நினைவு கூர்ந்து, ஹலபிலிருந்து கொண்டுவரப் பணித்தார்கள்.

நாங்கள் அம்மான் வழியாகச் சென்றோம். ஜோர்தான் நதிப் பாலத்தைக் கடக்கவே ஒரு பகல் கழிந்தது. மறுநாள் காலை ஹரம் ஷரீபின் வாயிலில் எங்களை நிறுத்தி, முஸ்லிம்தானா என்று அறிய ஃபாத்திஹா ஓதச் சொன்னார்கள். அறுபதாண்டுகளாக ஓதிய ஸூரா. அன்று என் குரல் நடுங்கியது.

ஏறத்தாழ 35 ஏக்கர் பரப்பு. நடுவே பொற்குவிமாடம், தென்கோடியில் அல் அக்ஸா. அதன் மிஹ்ராபின் பக்கத்தில் மிம்பர் நிற்கிறது. ஆனால் வாசகர்களே, அது ஹலபில் செய்த மிம்பர் அன்று. 1969 ஆகஸ்ட் 21இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவன் பள்ளிக்குத் தீ வைத்தான். ஏறத்தாழ 780 ஆண்டுகள் நின்ற மிம்பர் எரிந்து போயிற்று. எஞ்சிய துண்டுகள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய படங்களையும் அளவுகளையும் ஆராய்ந்து, பழைய தச்சுமுறையிலேயே ஜோர்தானில் செய்து, 2007இல் கொண்டுவந்து வைத்ததே நாங்கள் கண்டது. புது மரத்தின் நிறம் அப்போதும் மாறியிருக்கவில்லை.

அன்று பிற்பகல் கிறித்தவர்களின் புனிதக் கல்லறைக் கோயிலுக்கும் சென்றோம். நகரம் சரணடைந்தபோது இங்கே வந்த உமர் (ரலி) அவர்கள், உள்ளேயே தொழுமாறு தலைமைக் குரு வேண்டியும் மறுத்து வெளியே தொழுதார்கள் என்பர். தாம் தொழுத இடமென்று பின்னால் வருவோர் அதைப் பறித்துவிடக் கூடாதே என்ற அச்சம். இன்றும் அக்கோயிலின் சாவியைக் காப்பது ஜூதா என்னும் முஸ்லிம் குடும்பம். கதவைத் திறப்பது நுஸைபா என்னும் முஸ்லிம் குடும்பம். 2020 ஜூலை 24இல் ஆயா சோபியாவின் மிம்பரில் மீண்டும் குத்பா ஒலித்தது என்று கேட்டு நான் மகிழ்ந்ததுண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சியின் நடுவே இந்தக் கோயிலின் வாசற்படியும் என் நினைவில் வந்து நின்றது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

மஃரிபுக்கு அக்ஸாவுக்குத் திரும்பினோம். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும், செருப்பு மாடத்தருகே பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் சோப்புக் கட்டியை நீட்டினேன். எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலுள்ள நாபுலுஸ் நகரமும் சோப்புக்குப் பெயர் பெற்றது. ஆனால் அதில் கார் எண்ணெய் சேராது. முகர்ந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

‘ஹலப்?’ என்றார்.

ஆம் என்று தலையசைத்து, ஸலாமையும் சொன்னேன். வஅலைக்கும் என்று பதில் சொன்னவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் கட்டியைத் தம் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டார்.