எந்த இறக்கத்துக்கு இந்த ஹாண்டில்?

நெடும்பயணத்துக்குச் சைக்கிள் கட்டித் தரும்படி வருகிறவர்கள் நேர் ஹாண்டிலா, கீழ்வளைந்த ஹாண்டிலா என்றுதான் கேட்பார்கள். எந்த இறக்கத்தால் வரப்போகிறீர்கள் என்று நான் கேட்பேன்.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றரில். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுகையில் உழைப்பது கால். திரும்பி இறங்குகையில் பாரம் முழுவதையும் தாங்குவது விரல். மகியங்கனை வீதியில் ‘18 வளைவு’ என்று பெயர்பெற்ற இறக்கத்திலும் இதே கதைதான். அதனால் என் விதி ஒன்றே: இறங்கும்போது கை எங்கே இருக்குமோ, அங்கே பிறேக் எட்ட வேண்டும்.

வண்ணத்துப்பூச்சி வடிவ ஹாண்டிலில் கை வைக்கப் பல இடம் உண்டு, பிறேக்குக்கு ஓரிடம்தான். தம்புள்ளைக்கு வடக்கே சமவெளியில் அது சுகம். றம்பொடையில் அந்த மற்ற இடங்களால் பயனில்லை.

கீழ்வளைந்த ஹாண்டிலில் மேலே பிடித்தால் விரல் பிறேக் நெம்பின் அச்சுக்கு அருகில் விழும், அழுத்தம் குறையும். கீழ்வளைவில் பிடித்தால் இரண்டு விரலே போதும். ஆனால் முதுகு நோகாமல் அங்கே நெடுநேரம் இருக்க வேண்டுமே. ஆகவே ஹாண்டிலை சீற் மட்டத்துக்கு உயர்த்தி, வளைவின் ஆழம் 12 சென்ரிமீற்றர் அளவில் உள்ளதாகத் தேடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஆடி மாதத்தில் திரும்பும்போது தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும்; அப்போதும் அந்தத் தாழ்வு உதவும்.

குனிய முடியாதவருக்கு நேர் ஹாண்டில் நல்லது; அதன் முனைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பழைய ரலி சைக்கிளின் ஹாண்டிலில் மணிக்கட்டு முறுக்காமல் நின்றதற்கு அந்தச் சாய்வே காரணம். மோதிர விரலும் சின்ன விரலும் மரத்தால், உள்ளங்கை அடியில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். தடித்த கையுறை வாங்குமுன் ஹாண்டிலின் கோணத்தை மாற்றிப் பாருங்கள்.

ஹாண்டில் வகையை மாற்றினால் செலவு அதோடு நிற்காது. நேர் ஹாண்டிலின் பிடிப்பகுதி 22.2 மில்லிமீற்றர், கீழ்வளைந்தது 23.8, ஒன்றின் பிறேக் நெம்பு மற்றதில் ஏறாது. வீ-பிறேக் இருந்தால், கீழ்வளைந்த ஹாண்டிலின் சாதாரண நெம்பு இழுக்கும் கேபிள் நீளமும் போதாது.

ஹாண்டிலின் உயரத்தையும் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது; எனவே அதைத் தாங்கும் முன் போர்க்கின் குழாயை உடனே வெட்ட நான் விடுவதில்லை. வளையங்களை அடுக்கி உயரமாகவே விட்டு, பைகளை முழுப் பாரத்தோடு கட்டி, கடுகண்ணாவையிலிருந்து மாவனெல்லைக்கு இறங்கிவிட்டு வரச் சொல்வேன். அதன்பின் உயரத்தை அவர் கையே முடிவு செய்யட்டும்.