பந்து காற்றில் இருக்கும் நேரம்

சாஃப்ட்பாலில் ஸ்லோ பிட்ச், ஃபாஸ்ட் பிட்ச் என்று இரண்டு உண்டு. விதிநூல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும். கேட்சருக்குப் பின்னால் அம்பயராக நிற்கிறவனுக்கு அப்படித் தோன்றாது. பிட்சரின் கையை விட்ட பந்து பேட்டரிடம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற ஒரே கேள்வியிலிருந்துதான் எல்லாம் கிளைக்கிறது. ஃபாஸ்ட் பிட்சில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே பெண்களுக்கு 43 அடி, ஆண்களுக்கு 46 அடி. கையை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, இடுப்பருகே விடுகிற பந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை நொடிகூட ஆகாது. ஸ்லோ பிட்சில் தூரம் 50 அடி. பந்து குறைந்தது 6 அடி உயரம், அதாவது சராசரி ஆளின் தலைக்குச் சற்று மேலே, எழும்பி வளைந்து இறங்க வேண்டும். மேல் எல்லை விதிநூலைப் பொறுத்து 10 அடி அல்லது 12 அடி. 12 அடி ஏறி இறங்கும் பந்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி பிடிக்கும்.

இந்த ஒரு நொடி வித்தியாசம் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஒன்றரை நொடி கிடைத்தால் அநேகமாக எல்லாப் பந்தும் அடிபடும். ஆகவே ஒன்பது பேருக்குப் பதில் பத்துப் பேர் ஃபீல்டிங்கில் நிற்கிறார்கள். அடிபட்ட பந்து பிட்சரின் முகத்தை நோக்கியே திரும்பலாம். ஆகவே அவர் தள்ளி நிற்கிறார். பேஸ்களுக்கு இடையே 60 அடி என்பது 65 ஆகவோ 70 ஆகவோ நீள்கிறது. பந்து மிதந்து வரும்போதே ரன்னர் ஓட ஆரம்பித்தால் அவரை யாராலும் பிடிக்க முடியாது. ஆகவே ஃபாஸ்ட் பிட்சில் பந்து கையை விட்டதும் பேஸை விட்டு நகரலாம் என்றால், ஸ்லோ பிட்சில் பந்து ஹோம் பிளேட்டை அடையும்வரை காலை எடுக்கக்கூடாது. பண்ட் செய்தால், அதாவது பேட்டை வீசாமல் பந்தைத் தட்டி வைத்தால், அவுட். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு ஃபவுல் அடித்தாலும் பெரும்பாலான விதிநூல்களில் அவுட்தான். இல்லாவிட்டால் பேட்டர் பொழுது சாயும்வரை ஃபவுல் அடித்துக்கொண்டே நிற்பார்.

போர்ட் பிளேரையொட்டிய சாத்தம் தீவு போன்ற இடத்தில் புதிதாக ஆட்டம் தொடங்குகிறவர்களுக்கு எது பொருந்தும்? ஸ்லோ பிட்ச் என்பதே என் முடிவு. காரணம் பிட்சர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்து வீசினார். இறுதியாட்டத்தில் ஜப்பான் அமெரிக்காவை 3-1 என்று வென்றது. ஃபாஸ்ட் பிட்ச் அந்த அளவுக்கு ஒரே ஆளின் தோளில் நிற்கும் ஆட்டம். அந்தச் சுழல்வீச்சு கைவர வருடக்கணக்கில் பழக வேண்டும். வீசத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் நடக்கும் ஃபாஸ்ட் பிட்ச், நாலு பால், முதல் பேஸ், மறுபடி நாலு பால் என்று பேட்டர்கள் நடந்துபோகும் ஊர்வலம். ஃபீல்டிங்கில் நிற்கிற எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நம் நாட்டுப் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகள் ஃபாஸ்ட் பிட்ச் முறையில் நடக்கின்றன; 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் திரும்பி வருவதும் அதுதான். மேலிருந்து விழும் பந்தை அடித்துப் பழகிய பேட், நேராகச் சீறி வரும் பந்துக்குக் கீழே போய்விடும் என்பதும் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் பேட்டிங்கைத் திருத்தலாம். தரையில் உருண்டு வருவதை அள்ளி முதல் பேஸுக்கு எறியும் பழக்கம் நூறு பந்து நம்மிடம் வந்தால்தான் வரும். அந்த நூறு பந்தைத் தருவது ஸ்லோ பிட்ச். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் அடிப்படை கைவந்ததும் மாறிக்கொள்ளட்டும்.

இடம் இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. 1883-இல் தொடங்கிய மரமில்லும் கப்பல்துறையும் போக சாத்தத்தில் மிஞ்சுவது கொஞ்சம். பாலம் தாண்டி ஹாடோ பக்கம்தான் போக வேண்டும். ஸ்லோ பிட்சில் பந்து தூரம் போவதும் நிஜம். சிகாகோக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: 12 அங்குலச் சுற்றளவுக்குப் பதில் 16 அங்குலப் பந்து, கையுறை கிடையாது. அது அதிக தூரம் பறக்காது. ஹோம் ரன்னுக்கு வரம்பு வைத்து, மீறினால் அவுட் என்று ஆடும் லீக்குகளும் உண்டு. (பேட்டுக்கு மட்டும் மில்லைப் பார்க்காதீர்கள். விதி 34 அங்குல நீளம், 38 அவுன்ஸ் எடையோடு நிறுத்துகிறது. படாக் மேசை நாற்காலிக்கான கனமான மரம்.)

செய்யக்கூடாதது ஒன்றுதான்: கலப்படம். விறுவிறுப்புக்காக ஸ்லோ பிட்சில் ஸ்டீலை (பந்து வரும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவதை) சேர்ப்பது, 50 அடியை 43 ஆகக் குறைப்பது, பண்டை அனுமதிப்பது. இவை உடைப்பது அந்த ஒன்றரை நொடியை ஈடுகட்ட வைத்த விதிகளை. ஒன்றை உருவினால் கேட்சரோ பிட்சரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 43 அடியில் நிற்கிற பிட்சருக்குக் காயமும் படும். முதல் நாள் ஆடுமுன் 50 அடியை நாடா பிடித்து அளந்து கோடு போடுங்கள், காலடியால் அளக்காதீர்கள்.